சிபிலைக் காட்டி மிரட்டாதீர்கள்

கிரெடிட் கார்டு கடனில் மாட்டிக்கொண்டவர் யாரிடம் போய் யோசனை கேட்டாலும் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "என்ன ஆனாலும் செட்டில்மெண்டுக்கு மட்டும் போயிடாதே, சிபில் போயிடும்." செட்டில்மெண்ட் என்றால் வங்கியோடு பேசி, பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிப்பது; சிபில் என்றால் கடன் வரலாற்றுக்குப் போடப்படும் மதிப்பெண், அதாவது ஸ்கோர். யூடியூபில் நிதி அறிவுரை சொல்பவர், வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்று எல்லாரும் இதில் ஒரே கட்சி. கூடவே கணக்கும் சொல்வார்கள். செட்டில் செய்தால் ஸ்கோர் 75 முதல் 100 புள்ளி விழுமாம். ஏழு வருடத்துக்கு எந்த வங்கியும் வாசலில் விடாதாம். ஆகவே நகையை விற்றாவது, வட்டிக்கு வாங்கியாவது முழுசாகக் கட்டிவிடு என்று முடிப்பார்கள்.

இந்த அறிவுரை, யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருக்குத் தவறானது. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி வருபவர் செட்டில்மெண்ட் பக்கம் போகக் கூடாது என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் அவர் இந்தக் கேள்வியோடு யாரிடமும் வருவதில்லை. கேட்டு வருபவர் மூன்று நான்கு மாதம் தவறியவர். வேலை போனது, மருத்துவச் செலவு, தங்கையின் கல்யாணம் என்று ஏதோ ஒன்றில் சறுக்கியவர். தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்கப் பயப்படுபவர். அவரிடம் ஸ்கோரைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அது எப்போதோ விழுந்துவிட்டது என்பதை மட்டும் சொல்வதில்லை.

எப்போது விழுந்தது என்று அறிக்கையைத் திறந்தே பார்க்கலாம். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். மாதத்துக்கு ஒரு கட்டம், 36 மாதம் வரை. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 என்று இருக்கும். தவறத் தொடங்கியதும் அந்தப் பூஜ்யங்கள் மாறும்: 028, 059, 089, 120, 150. கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதன் கணக்கு அது. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தவறியதாக அறிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. அந்த மூன்று நாள்தான் சலுகை. குறைந்தபட்சத் தொகையும் கட்டாமல் 90 நாள் ஓடினால் கணக்கு வாராக்கடன். செட்டில்மெண்ட் பற்றி வங்கி வாயைத் திறப்பதே பெரும்பாலும் இதற்குப் பிறகுதான்.

ஆக, அந்தக் கணக்கின் மேல் ‘செட்டில்டு’ என்ற சொல் வந்து உட்காரும்போது அந்தக் கட்ட வரிசை ஏற்கெனவே ரணகளம். ஸ்கோரைச் சாய்த்தவை அந்த 059ம் 089ம் 120ம். போதாததற்கு, லிமிட்டைத் தாண்டி நிற்கும் பாக்கி. லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதும் ஸ்கோரில் சேரும். செட்டில்மெண்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாக வந்து சேர்ந்த பங்கு. மொத்தப் பழியையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் அந்த 75 முதல் 100 புள்ளி? ஒரு கட்டுரையிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு, ஒரு வீடியோவிலிருந்து இன்னொரு வீடியோவுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும் எண் அது. சிபில் தன் கணக்கிடும் சூத்திரத்தை முழுதாக வெளியிட்டதில்லை. இந்தியாவில் இந்த வேலை செய்யும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாலும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருக்கின்றன. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நான்கு ஸ்கோர் வரும். 300க்கும் 900க்கும் நடுவே 780ல் இருப்பவருக்கும் 560ல் இருப்பவருக்கும் ஒரே அடி விழும் என்று எந்தச் சூத்திரத்தை வைத்துச் சொல்கிறார்கள்? முதலாமவருக்கு இன்னும் அதிகமாகவே விழலாம். இரண்டாமவருக்கு விழ இடமே குறைவு. செட்டில்மெண்ட் பேசும் நிலைக்கு வந்தவர் இந்த இரண்டாமவர்தான்.

இந்த அறிவுரையின் அடிப்படைக் கோளாறு ஒப்பீட்டில் இருக்கிறது. செட்டில்மெண்டை எதனோடு ஒப்பிடுகிறார்கள்? முழுத் தொகையையும் கட்டி முடிப்பதோடு. முழுத் தொகை கையில் இருந்தால் அவர் ஏன் இங்கே நிற்கிறார்? அவருக்கு முன்னால் உள்ள உண்மையான வழிகள் இரண்டு: இன்று பேசித் தீர்ப்பது, அல்லது தீர்க்காமல் இழுத்துக்கொண்டே போவது. இழுத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. 150 என்பது 180 ஆகும், 360 ஆகும். பிறகு வங்கி தன் கணக்கிலிருந்து நீக்கி ‘ரிட்டன் ஆஃப்’ என்று எழுதும். எழுதிவிட்டால் கடன் தள்ளுபடி என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது வங்கி தன் பேரேட்டைச் சுத்தம் செய்துகொள்வது, அவ்வளவுதான்; உங்கள் கடன் உங்களிடமே இருக்கும். சில சமயம் வங்கி அந்தக் கடனை ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிடும், புதிய ஆள் ஃபோன் பண்ணுவார். அதற்குப் பிறகு பேசி முடித்தால் அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப் ஆன பின் செட்டில்டு’ என்ற பொருளில் இன்னும் மோசமான குறிப்பு ஏறும். சிபிலுக்குப் பயந்து ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டவருக்குக் கிடைக்கும் பரிசு இதுதான்.

வட்டியையும் கொஞ்சம் பார்ப்போம். மாதம் 3.5 சதவீதம் என்று கார்டு விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் பாக்கிக்கு மாதம் 3,500 வட்டி, 630 வரி, ஆக 4,130 ரூபாய். நம்ம ஊர்க் கணக்கில் நூற்றுக்கு நாலு வட்டிக்கும் மேல். தெருமுனை ஃபைனான்ஸ்காரர் இப்படிக் கேட்டால் அநியாயம் என்போம். பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் ரிவார்டு பாயிண்ட் என்கிறோம். குறைந்தபட்சத் தொகை பொதுவாக 5 சதவீதம். 5,000 கட்டினால் அசலில் கழிவது 870. கட்டவே முடியாதவருக்கு ஒரு வருடத்தில் ஏறுவது 49,560 ரூபாய், அதுவும் வட்டிக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்க்காமல். வட்டிக்கு 30 சதவீத வரம்பு வைத்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் போட்ட உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கம் உதவி இல்லை.

அம்பத்தூரில் மாதம் 30,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். வாடகை, பள்ளிக் கட்டணம், பைக் தவணை போக அவரிடம் மிஞ்சுவது 3,000. ஒரு லட்சம் கார்டு பாக்கிக்கு வட்டியும் வரியுமே 4,130. அவர் எத்தனை வருடம் ஒழுக்கமாக இருந்தாலும் இந்தக் கடன் தீராது. இது அவருடைய குணத்தைப் பற்றிய விஷயமே இல்லை, கழித்தல் கணக்கு. "கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கிட்டே வா தம்பி, சிபில் நல்லா இருக்கும்" என்பவர் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்திருக்கிறாரா?

வட்டிக்கு வாங்கியாவது கட்டு என்பதுதான் இவற்றில் கொடுமையான யோசனை. நகை இருந்து, அதை வங்கியில் அடகு வைக்க முடிந்தால் சரி. அங்கே நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அக்கம்பக்கம்தான் வட்டி. நாலு வட்டியை ஒரு வட்டியால் அடைப்பது புத்திசாலித்தனம், அப்படிச் செய்ய முடிந்தவர் செட்டில்மெண்டே கேட்க வேண்டாம். ஆனால் நகை ஏற்கெனவே அடகில் இருக்கும் குடும்பத்துக்கு ‘வட்டிக்கு வாங்கு’ என்றால் மீட்டர் வட்டி என்றுதான் பொருள். அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தாயிற்று, தொழில் மட்டும் நின்றபாடில்லை. கந்துவட்டிக்காரர் சிபிலுக்கு அறிக்கை அனுப்பமாட்டார் என்பது உண்மை. வீட்டு வாசலுக்கு வருவார். ஒரு மூன்றிலக்க எண்ணைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தை அந்த வாசலுக்கு அனுப்புவது என்ன நிதி ஆலோசனை?

அடுத்தது ஏழு வருட பூச்சாண்டி. இதுவும் வெளியூர் சரக்கு. அமெரிக்காவில் 1970ல் வந்த கடன் அறிக்கைச் சட்டம், பாதகமான தகவல்களைப் பெரும்பாலும் ஏழு ஆண்டுக்கு மேல் அறிக்கையில் வைக்கக் கூடாது என்கிறது. அங்கே ஏழு என்பது உச்ச வரம்பு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கின்றன. இங்கே அது அடி வரம்பு. இரண்டையும் போட்டுக் குழப்பி, ஒரு சாரார் ஏழு வருடம் கதவு மூடியிருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள், இன்னொரு சாரார் ஏழு வருடத்தில் தானாக அழிந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். சட்டத்தில் இரண்டுமே இல்லை.

ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் காலக்கெடு வேறு. 2023 ஜூன் 8 அன்று சமரசத் தீர்வுகள், அதாவது செட்டில்மெண்டுகள் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், சமரசம் செய்துகொண்டவருக்குப் புதுக் கடன் தரும் முன் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும்; அதற்கு மேல் நீட்டுவது அந்தந்த வங்கி நிர்வாகக் குழுவின் விருப்பம். கட்டுப்படுத்தும் அமைப்பே 12 மாதத்தை அடி வரம்பாக வைத்திருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் எந்த அதிகாரத்தில் 84 மாதத் தண்டனை விதிக்கிறார்?

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் வேறு, குறிப்பு வேறு. ஸ்கோர் ஏறி 740 ஆன பிறகும், வீட்டுக் கடனுக்குப் போனால் அதிகாரி அறிக்கையைப் புரட்டி ‘செட்டில்டு’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். பல வங்கிகளின் உள்விதியே அப்படி. செட்டில்மெண்டின் உண்மையான விலை இதுதான், புள்ளிகளில் இல்லை. ஆனால் இந்த விலைக்கு மாற்று உண்டு. பிற்பாடு கையில் காசு வரும்போது, விட்டுக்கொடுத்த மீதித் தொகையையும் கட்டிவிட்டு ‘குளோஸ்டு’ என்று மாற்றிக் கேட்கலாம். வங்கி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். சிபில் தானாக எதையும் மாற்றாது, கடன் கொடுத்த நிறுவனம் சொன்னால்தான் மாற்றும். ஒரு லட்சத்தில் 40,000 விட்டுக்கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து வீடு வாங்கும்போது அந்த 40,000ஐக் கட்டி அந்தக் குறிப்பை நீக்க முயல்வதா, இன்று இல்லாத ஒரு லட்சத்துக்காக இன்றைய சோற்றில் கை வைப்பதா? எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது.

தவிர, முழுசாகக் கட்டினால் பழசெல்லாம் துடைக்கப்படும் என்பதும் பிரமைதான். ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் கடன் வரலாற்றைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. விண்ணப்பிக்கும் நேரத்தில் தன் பேரில் பாக்கி ஏதுமில்லை என்று அவர் வாதிட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரியே என்றது. பாக்கி தீர்ந்திருந்தும், இடையில் தவறிய கதை எதிராக நின்றது. அந்தத் தீர்ப்பின் நியாயம் தனி விவாதம், என் கருத்து வேறு. இங்கே அது காட்டும் உண்மை ஒன்று போதும். வடு விழுவது தவறும்போது. எப்படி முடித்தீர்கள் என்பது அதற்குப் பிந்தைய சங்கதி.

காலப்போக்கில் என்ன நடக்கும்? செட்டில் ஆன மாதத்தோடு அந்தக் கணக்கில் நாள் எண்ணுவது நிற்கும். லிமிட்டைத் தாண்டிய பாக்கி பூஜ்யமாகும். 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் விதி வந்ததால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரமே ஏறும். அதன் பிறகு ஸ்கோரை உயர்த்துவது புதிய நல்ல மாதங்கள் மட்டுமே; சும்மா காத்திருந்தால் எதுவும் ஏறாது. வங்கியில் ஒரு 20,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் தேய்த்து, பில் வந்தவுடன் முழுசாகக் கட்டி வந்தால் புது வரிசையில் 000, 000 என்று சேரும். ஒழுங்காகத் திருப்பும் நகைக் கடனும் இதே வேலையைச் செய்யும். ஒன்றிரண்டு ஆண்டில் ஏறுமுகம் தெரியும் என்பது என் கணிப்பு, உத்தரவாதமில்லை. ஆனால் பழைய கணக்கில் 360, 390 என்று ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்த ஏற்றம் தொடங்கவே தொடங்காது. இழுக்கும் ஒவ்வொரு மாதமும் மீட்சி ஒரு மாதம் தள்ளிப்போகிறது. ‘சிபிலுக்காக’ இழுக்கச் சொல்பவர்கள் சிபிலுக்கே எதிரிகள்.

ஒழுக்க வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிகள் திவாலானால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்வு காண்கிறார்கள். அப்படித் தீர்ந்தவற்றில், ஏற்கப்பட்ட கடன் தொகையில் கொடுத்தவர்களுக்குத் திரும்பியது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே. கம்பெனி கைமாறுகிறது, அது உண்மை. விட்டுக்கொடுத்ததற்கு ‘ஹேர்கட்’ என்று நாகரிகமான பெயரும் உண்டு. மேலே சொன்ன 2023 சுற்றறிக்கை, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் சமரசம் பேசலாம் என்றது. வங்கி ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. சாதாரணத் தனிநபருக்கோ அந்தத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் வந்தது. மற்றவர்களுக்கு இருப்பது 1909ம் 1920ம் வெள்ளைக்காரன் போட்ட சட்டங்கள், நம் ஊரில் மஞ்சள் கடுதாசி என்று கேலி பேசும் அதே வழி. ஒன்றரை லட்சம் கார்டு கடனுக்கு யார் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுப்பார்? செட்டில்மெண்ட் ஒன்றுதான் அவருக்குத் திறந்திருக்கும் கதவு. அதையும் அவமானம் என்று சொல்லி மூடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "ஆறு மாசம் கட்டாதீங்க சார், பேங்க் தானா பாதிக்கு இறங்கி வரும்" என்று ஃபோன் செய்யும் செட்டில்மெண்ட் ஏஜென்சிகளுக்கு நான் சாமரம் வீசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒழுங்காக இருக்கும் கணக்கை வேண்டுமென்றே வாராக்கடனாக்கச் சொல்லி, அதற்குக் கமிஷனும் வாங்கும் கூட்டம் அது. ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்பவர்களும் அதே ரகம். உண்மையான பிழை இருந்தால் நீங்களே இலவசமாகப் புகார் கொடுக்கலாம், 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கட்ட முடிந்தவர் கட்ட வேண்டும். பாக்கியைத் தவணையாக மாற்றிக் கட்ட முடிந்தவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் பேசுவது இரண்டும் முடியாதவருக்காக.

அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏஜெண்டிடம் பேசாமல் வங்கிக்கே எழுதுங்கள். வசூலுக்கு ஃபோன் செய்ய அனுமதி காலை 8 முதல் மாலை 7 வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கு வரை போயிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் கேளுங்கள். அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், கட்டியபின் பாக்கி ஏதுமில்லை என்ற மூன்றும் வங்கியின் கடிதத்தாளில் எழுத்தில் வரட்டும். பணம் கார்டு கணக்குக்கு மட்டும் போகட்டும், எந்த ஏஜெண்டின் ஜிபே எண்ணுக்கும் போக வேண்டாம். கட்டியபின் நிலுவையில்லாச் சான்றிதழை வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து நான்கு நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொன்றிலும் இலவசம். வங்கியின் அந்தச் செட்டில்மெண்ட் கடிதம் கைக்கு வரும் வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.